கூடத்துச் சுவர்

பாண்டுரங்கன் மேஸ்திரி கட்டின வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு குடி போகலாம் என்று செஞ்சியில் சொல்வார்கள். திண்டிவனம் ரோட்டில் பாதி வீடுகள் அவன் கைபட்டவை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் இரண்டாவது மாடியிலும் நூல் பிசகாது. இருபத்தாறு வருட வேலையில் கட்டின சுவரை இடித்துத் திரும்பக் கட்டியதில்லை. இதையெல்லாம் தன் வாயால் சொல்லிக்கொள்ளாமல் மற்றவர்களைச் சொல்ல வைக்கிற சாமர்த்தியமும் அவனுக்கு இருந்தது.

அவன் மனைவி ஜெயக்கொடி, கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அவனிடமே சித்தாள். கலவை சுமப்பாள், செங்கல் எடுத்துக் கொடுப்பாள், பூசின சுவருக்குத் தண்ணீர் அடிப்பாள். சாரத்தின் மேல் நின்றுகொண்டு அவன் கையை நீட்டினால் போதும், என்ன வேண்டும் என்று கேட்காமலே கரணையோ மட்டப்பலகையோ வந்து சேரும். அவளுக்கென்று தனியாக ஒரு வேலை இருக்க முடியும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை. சிங்கவரம் போகிற வழியில் அந்தப் பாறை வீடு ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் மாறியது.

நிலம் பார்த்திபனுடையது. புதுச்சேரியில் பல் டாக்டர். வாரக் கடைசியில் வந்து தங்க ஒரு வீடு வேண்டும் என்றார். நிலத்தின் நடுவே ஒரு லாரியை நிறுத்தி வைத்த மாதிரி பெரிய பாறை. வேறு யாராக இருந்தாலும் முதலில் வெடி வைத்து அதை எடுத்திருப்பார்கள். வீட்டை வரைந்த எலிசபெத் பாறையை விட்டுவிட்டு அதைச் சுற்றி வீட்டை வளைத்திருந்தாள். முப்பது வயதுப் பெண். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போய்ச் சென்னையில் ஆர்க்கிடெக்ட் படித்தவள். கூடத்தின் நீளச் சுவர் போய்ப் பாறையில் முடியும். சுவருக்கு எதிரே மேற்குப் பக்கம் முழுவதும் திறப்பு. அங்கே உட்கார்ந்தால் ராஜகிரி மலை தெரியும். முற்றத்து வேப்பமரத்தின் ஒரு கிளை கூட வெட்டப்படக் கூடாது. தூணுக்கு உள்ளூர்க் கருங்கல், தரைக்குச் சுட்ட ஓடு, உள்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்ட் கூடாது.

பாண்டுரங்கன் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தான். மழை பெய்தால் பாறையில் வழிகிற தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் கேட்டான். அதற்கும் அவள் ஒரு கால்வாய் வரைந்து வைத்திருந்தாள். அவன் வேலையை ஒத்துக்கொண்டான்.

அஸ்திவாரம் முடிந்த சமயத்தில் எலிசபெத் எல்லாரையும் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் நெற்களஞ்சியத்துக்குள் நிறுத்தினாள். இத்தனை மழையையும் வெயிலையும் வாங்கிக்கொண்டு சில இடங்களில் பழைய பூச்சு இன்னும் நின்றுகொண்டிருந்தது. பாண்டுரங்கன் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்த இடம்தான். வெளியே வந்து பீடி பற்ற வைத்தான். ஜெயக்கொடி உள்ளேயே இருந்தாள். அவன் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, அவள் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். “குளுந்துகினு இருக்குது” என்றாள். அவன், “மணி ஆவுது, வா” என்றான்.

சுண்ணாம்பு வேலையைக் காட்டிக் கொடுக்கக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நெடுமாறன் என்பவர் பன்னிரண்டு நாளைக்கு வந்தார். நீற்றின சுண்ணாம்பைத் தொட்டியில் ஊற வைத்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைச் சேர்த்து அரைக்கச் சொன்னார். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பூச்சு. கடைசிப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு கலந்த மாவு மாதிரியான சுண்ணாம்பு. அதை ஒரே நாளில் போட்டு, ஈரம் இருக்கும்போதே வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்ற வேண்டும். எவ்வளவு அழுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும்.

நெடுமாறன் தன்னைவிடப் பத்து வயது சின்னவர் என்பது பாண்டுரங்கனுக்கு உறுத்தியது. கல்லை வைத்துச் சுவரைத் தேய்ப்பது பொம்பளை வேலை என்று சொல்லிவிட்டு அவன் சுற்றுச்சுவர் பக்கம் போய்விட்டான். அந்தப் பன்னிரண்டு நாளும் ஜெயக்கொடி நெடுமாறன் பக்கத்திலேயே நின்றாள். கிளம்புகிற அன்று அவர் எலிசபெத்திடம், இந்த அம்மா கை போதும், நான் திரும்ப வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

முதலில் படுக்கை அறை, பிறகு நடை, பிறகு சமையலறை என்று ஜெயக்கொடி போட்ட சுவர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. வெள்ளை என்று சொல்ல முடியாத ஒரு நிறம். காய்ச்சின பாலின் ஆடை மாதிரி. கிட்டே போனால் ஆளின் உருவம் மங்கலாகத் தெரியும். எலிசபெத் வரும்போதெல்லாம் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைப்பாள். வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேச மாட்டாள். தன் இருபத்தாறு வருடத்தில் யாரும் தன் சுவரில் கை வைத்துப் பேசாமல் நின்றதில்லை என்பதைப் பாண்டுரங்கன் அப்போதுதான் கவனித்தான். கவனித்த பிறகு அதை மறக்க முடியவில்லை.

யாரும் இல்லாத நேரத்தில் அவள் சுவர்களுக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான். பிசகு இல்லை. சுவர் அவன் கட்டினதுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆனால் வருகிறவர்கள் யாரும், இந்தச் செங்கலை அடுக்கியது யார் என்று கேட்கவில்லை. ஆட்களில் ஒருத்தி, இந்தப் பக்கம் தண்ணீர் அடி என்று அவன் சொன்னதற்கு, “இருங்க, அக்காவக் கேட்டுகினு வரேன்” என்றாள். வீட்டில் குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்றான். இல்லாத உப்பு அது. டி.வி.எஸ்.ஸில் அவளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போகும்போது, யாராவது அவளைப் பார்த்துக் கை காட்டினால் வண்டியை முறுக்கினான்.

ஒருநாள் எலிசபெத் ஒரு புகைப்படக்காரரை அழைத்து வந்தாள். வீட்டு அலங்காரத்துக்கென்றே நடக்கிற ஏதோ இணைய இதழுக்காம். முதல் நாளே சொல்லியிருந்ததால் பாண்டுரங்கன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். ஜெயக்கொடி வேலைச் சேலையிலேயே, மேலே அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கல்லும் கையுமாக நின்றாள். புகைப்படக்காரர் அவள் விரல்களை மட்டும் அரை மணி நேரம் எடுத்தார். பிறகு நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகத்தான், “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழல் சுவத்துல விழுது” என்றார்.

பாண்டுரங்கன் தள்ளி நின்றான். அந்த இடத்திலிருந்து பார்த்தால் அவன் மனைவியின் முதுகு மட்டும் தெரிந்தது.

படம் வந்த அன்று, விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிற மகள் மணிமொழி அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்து, ‘என் அம்மா’ என்று எழுதியிருந்தாள். பாண்டுரங்கன் சாப்பிட்டுக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். நைனா கட்டின வீடு என்று மகள் ஒரு படமும் வைத்ததில்லை. பொறாமை என்ற வார்த்தை அவனுக்குத் தெரியும். அது அடுத்த கொத்தனார் மேல் வரும், மச்சான் மேல் வரும். பெண்டாட்டி மேல் வருமா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் எரிச்சல் குறையவில்லை, கூடியது.

ஆடி பிறந்து நாலு நாள். கூடத்து நீளச் சுவர் ஒன்றுதான் மிச்சம். அதுதான் வீட்டிலேயே பெரியது. ஜெயக்கொடியும் இரண்டு பெண்களும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சாரத்தை விட்டு இறங்காமல் கடைசிப் பூச்சைப் போட்டுத் தேய்த்து முடித்தார்கள். மேற்குத் திறப்புக்கு இன்னும் கதவு வரவில்லை. ஆடிக் காற்று மலையிடுக்கிலிருந்து நேராக அந்தச் சுவரில்தான் வந்து மோதும். அதனால் திறப்பு முழுவதும் நனைத்த கோணிகளைத் தொங்கவிட்டு, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். மூன்று நாள் சுவர் மெதுவாகக் காய வேண்டும்.

மறுநாள் காலையில் தொண்டூரில் அவளுடைய பெரியப்பா தவறிவிட்டார் என்று போன் வந்தது. அவள் சுவரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். நீ போய்ட்டு வா, நான் இருக்கிறேன், நாளைக்கு வந்து துக்கம் கேட்டுக்கொள்கிறேன் என்று அவனே சொன்னான். அப்போது அவன் மனதில் ஒன்றும் இல்லை.

“கோணி காயாம பாத்துக்க” என்றாள். “காத்து உள்ள வரக்கூடாது. செவுரு வேர்த்துச்சுன்னா மெல்லிசு துணியால ஒத்தி எடு, தேய்க்காத.”

பதினோரு மணிவரை சொன்னபடி செய்தான். இரண்டு முறை கோணிகளுக்குத் தண்ணீர் அடித்தான். சுவரில் முத்து முத்தாக நின்ற ஈரத்தைத் துணியால் ஒற்றினான். கை வைத்த இடம் குளிர்ந்தது. நல்ல வேலை என்று அவன் தொழில் அறிவு சொன்னது.

மதியம் எலிசபெத் போன் செய்தாள். அக்கா போன் எடுக்கவில்லை என்றாள். விஷயத்தைச் சொன்னான். வருத்தப்பட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தன் நண்பர்களை அழைத்து வருகிறார் என்றாள். அதில் இரண்டு பேர் வீடு கட்டப் போகிறார்கள். இந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அக்காவிடம் பேச வேண்டுமாம். “அக்கா இல்லன்னா இந்த வீடே இல்லண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஆட்கள் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாண்டுரங்கன் போனைப் பையில் போட்டான். திறப்பின் பக்கம் போய் ஒரு கோணியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினான். புழுக்கமாக இருக்கிறது, காற்று வரட்டும் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். காற்று வந்தது. அடுத்த கோணியை எடுக்கும்போது அந்தக் காரணமும் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் இழுத்துக் கீழே போட்டான். சணல் கயிறு சில இடத்தில் அறுந்தது. பிறகு கருங்கல் தூணில் சாய்ந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்தான்.

இரண்டு மணிக்கு மேல் வெயில் சுவரின் அடியைத் தொட்டு மெல்ல மேலே ஏறியது. காற்று ஓயவில்லை. ஈரப் பளபளப்பு திட்டுத் திட்டாகச் செத்து, வெளுப்பு பரவியது. ஆட்களில் ஒருத்தி எட்டிப் பார்த்தபோது, பின்பக்கம் போய்ச் செங்கல்லை அடுக்கச் சொல்லி விரட்டினான். மூன்றரை மணிக்கு அவனுக்குத் திடீரென்று பயம் வந்தது. கோணிகளை நனைத்துத் திரும்பத் தொங்கவிட்டான். அறுந்த கயிறு போதவில்லை. இடுப்பில் எப்போதும் இருக்கும் கட்டுக்கம்பியை எடுத்து முறுக்கிக் கட்டினான்.

அடுத்த நாள் ஜெயக்கொடி தொண்டூரிலிருந்து நேராகச் சைட்டுக்கு வந்தாள். சுவர் முழுவதும் சிலந்தி வலை மாதிரி வெடித்திருந்தது. நடுவில் ஒரு முழ அகலத்துக்குப் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. அவள் திறப்பின் பக்கம் போய்க் கோணியைத் தொட்டாள், கட்டுகளைப் பார்த்தாள், திரும்பி வந்து சாரத்தின் கீழே உட்கார்ந்தாள்.

எலிசபெத் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். ஜெயக்கொடி எழுந்து சொன்னாள்: “என் கை தப்பு மேடம். கலவ கனமா போட்டுட்டேன் போலருக்குது.”

பாண்டுரங்கன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். முதலில் அவனுக்கு நிம்மதிதான் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சந்தோஷமும் வந்தது. இத்தனை நாளாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கின மாதிரி இருந்தது.

டாக்டர் ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார். சுண்ணாம்பைத் திரும்பப் போட்டால் அதற்குள் காயாது. எலிசபெத் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். போனில் டாக்டரோடு பேசினாள், பிறகு மனசில்லாமல், இந்தச் சுவரை மட்டும் சிமெண்டிலேயே முடித்துவிடலாம், மேஸ்திரி அண்ணன் செய்யட்டும் என்றாள். ஜெயக்கொடி தன் கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அடுத்த நாள் அவள் வரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பாண்டுரங்கன் வெடித்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, இரண்டு நாளில் சிமெண்ட் பூசி முடித்தான். தன் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒரு சுவர் பூசியதில்லை. மூலை கத்தி மாதிரி நின்றது. திங்கட்கிழமை எலிசபெத் வந்தாள். பையைக் கீழே வைத்தாள். அவன் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவரைப் பார்த்து, “சரியா இருக்குதுண்ணே” என்றாள். கை வைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.

அவன் அங்கேயே நின்றான். அவள் போன பிறகுதான் தன் சுவரை உண்மையாகப் பார்த்தான். ஒரு பக்கம் மழையும் வெயிலும் பார்த்த பாறை, மறுபக்கம் நடையில் ஜெயக்கொடியின் சுவர், நடுவில் இது. தப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பாறை வந்து சேர்கிற இடத்தில் வீடு செத்துப் போயிருந்தது. இருபத்தாறு வருடம் சுவர் பார்த்த கண்ணை அவனால் ஏமாற்ற முடியவில்லை.

சமையலறைக்குப் போய், “கோணிய நான்தான் எடுத்தேன் மேடம்” என்றான்.

எலிசபெத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் முகம் மாறியது. ஏன் என்று கேட்கவில்லை. அக்காவிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். இல்லை என்றான். அப்படியானால் தன்னிடம் வந்து சொன்னது எதற்கு, முதலில் போய் அக்காவிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் ஜெயக்கொடி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் நின்றுகொண்டே சொன்னான். அவள் கத்தி நிற்கவில்லை.

“தெரியும்” என்றாள். “நான் சணல்ல கட்டினேன். வந்து பாத்தா கட்டுக்கம்பி. அந்த முறுக்கு யாரு கைன்னு எனக்குத் தெரியாதா? இருவது வருசமா பாக்குறேன்.”

“அப்ப ஏன் உன் மேல போட்டுக்கின?”

அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள். “நீயா சொல்றியான்னு பாத்தேன். அஞ்சு நாள் பாத்தேன். சொல்லலன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்தேன்.”

அவன் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான். உன் படத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது என்று கடைசியில் சொன்னான். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்ன விஷயமாகக் கேட்டது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜெயக்கொடி, “எரியட்டும்” என்றாள். “எனக்கு எரிஞ்சது இல்லன்னா நெனச்ச? நீ மேல நின்னு பூசுவ, நான் கீழ நின்னு சுமந்தேன். நான் உன் செவுத்த வெடிக்க வெச்சனா?”

அதன் பிறகு ஒரு வாரம் அவள் அவனோடு பேசவில்லை. எலிசபெத்தோடு மட்டும் போனில் பேசினாள். எலிசபெத் டாக்டரிடம் என்ன சொன்னாளோ, அவர் பால் காய்ச்சுவதை ஆவணிக் கடைசிக்குத் தள்ளி வைத்தார். சுவர் வேலைக்குத் திரும்ப வருவதற்கு ஜெயக்கொடி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அந்தச் சிமெண்டை அவனே, ஆள் வைக்காமல், கொத்தி எடுக்க வேண்டும்.

கொத்தினான். உளியும் சுத்தியலுமாக மூன்று நாள். நல்ல பூச்சு லேசில் வராது. அவன் பூச்சு நல்ல பூச்சு. தூசி தொண்டையில் அடைத்தது. ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, தெரிந்திருக்கும். தான் கட்டினதை இடிக்காதவன் என்ற பேர் அந்த மூன்று நாளில் போனது.

பிறகு அவள் வந்தாள். மூன்று பூச்சும் திரும்பத் தொடங்கின. பாறையோடு சேர்கிற மூலையில் ஒரு ஆள் உயரத்துக்கு அவனைப் போடச் சொன்னாள். முதல் தடவை அவன் போட்டதை விரலால் தொட்டுப் பார்த்து, எடுத்துடு என்றாள். எல்லார் முன்னாலும்தான். அவனுக்குக் காது சுட்டது. கரணையால் வழித்துத் தொட்டியில் போட்டான். இரண்டாவது தடவையும் எடுக்கச் சொன்னாள். நீ சிமெண்டுக்கு அழுத்துகிற மாதிரி அழுத்துகிறாய் என்று காரணமும் சொன்னாள். மூன்றாவது தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கம் போனாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவன் பொழுது சாயும்வரை காத்திருந்தான். சொல்லவில்லை.

கோணிகளை இந்தத் தடவை மூன்று நாளும் ஜெயக்கொடியே நனைத்தாள். அவனை அந்தப் பக்கம் விடவில்லை. நான்காம் நாள் கோணிகளை எடுத்தபோது சுவர் ஒரு கீறல் இல்லாமல் பாறைவரை போய் நின்றது. எலிசபெத் வந்தாள், கை வைத்தாள், பேசவில்லை. அவள் கை வைத்தது அவன் மூலையில் இல்லை, நடுவில். பாண்டுரங்கன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அன்று சாயங்காலம் வண்டியில் வரும்போது, பனமலை ஏரிக்கரைப் பக்கம் டாக்டரின் நண்பர் வீடு கட்டுகிறார், புரட்டாசி கழிந்து ஆரம்பம், தன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்று ஜெயக்கொடி பின்னாலிருந்து சொன்னாள்.

“நீ வரியா? இல்ல திண்டிவனம் ரோட்டுல உன் வேலையப் பாத்துக்கிறியா?”

“யாரு மேஸ்திரி?”

“நான்தான்.”

கூட்டு ரோட்டில் திருவண்ணாமலை பஸ்ஸுக்கு வழி விட்டு நின்றார்கள். பஸ் போனது, பின்னால் கரும்பு டிராக்டர் போனது. வழி கிடைத்தும் அவன் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

“வரேன்” என்றான். சொல்லும்போதும் வயிறு எரியத்தான் செய்தது.